சாம்பல், பீஜ் பாத்ரூமுக்கு எடுப்பு நிறம்: உப்புத்தண்ணி ஊருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கீழக்கரையில் வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. கீழே உம்மாவின் பாத்ரூமில் பீஜ் (வெளிர் மணல் நிறம்) டைல்ஸ், மாடியில் பிள்ளைகளுடையதில் வெளிர் சாம்பல். இரண்டும் ஐந்துக்கு எட்டடி. ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. ஜாயிண்ட் இன்னும் அடைக்கவில்லை, குழாய் மாட்டவில்லை, கதவு வரவில்லை. "ஆஸ்பத்திரி மாதிரி வெளிறிக் கிடக்கிறது, எடுப்பாக ஒரு நிறம் வேண்டும்" என்கிறீர்கள். நடுவில் படம் போட்ட ஹைலைட்டர் டைல்ஸ் ஒட்டலாமா என்றும் கேட்கிறீர்கள். கடைக்காரர் கருப்புக் குழாய் போடச் சொல்கிறார். மகள் நேவி ப்ளூ கேட்கிறாள். உம்மா மட்டும், "எதுவானாலும் கழுவ லேசா இருக்கணும்" என்கிறார்.

உம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டே பதில் சொல்கிறேன். மூன்று பேரில் விஷயத்தைத் தொட்டவர் அவர்தான்.

இந்தக் கரையில் பாத்ரூம் நிறத்தை முடிவு செய்வது தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கவும் உலை வைக்கவும் சரியாகப் போய்விடும். குளிக்க, கழுவ, ஒளு எடுக்க (தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவ) எல்லாம் போர் தண்ணிதான். அது உவர்ப்பு, அதோடு கடினத்தன்மையும் சேர்ந்தது. ஒரு துளி சுவரில் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் உப்பும் வெள்ளைப் பொட்டாக அங்கேயே தங்கிவிடும். நாலு நாள் துடைக்காமல் விட்டால் பொட்டு படலமாகிவிடும். கருப்பு, நேவி ப்ளூ, அடர் பச்சை போன்ற இருண்ட பளபளப்புப் பரப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். சரி, சுத்த வெள்ளையே தேவலை என்று போனால் இன்னொரு தொல்லை: தண்ணீரில் இரும்பு இருந்தால் குழாய்க்கு நேர் கீழே பழுப்பு மஞ்சள் கோடு இறங்கும்.

ஆக நமக்குத் தோதானது நடுத்தர அழுத்தமுள்ள, கொஞ்சம் மங்கலான, மேட் (பளபளப்பில்லாத) முடிப்புள்ள நிறம். காவி, வெளுத்த செங்கல், கடுகு மஞ்சள், சாம்பல் கலந்த பச்சை, ஆழமில்லாத கடலின் நீலப்பச்சை. உப்புப்பொட்டு இவற்றின் மேல் விழுந்தாலும் கண்ணைக் குத்தாது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கடையிலிருந்து இரண்டு மூன்று டைல்ஸ் துண்டு, கதவுக்கான நிறத்துண்டு, முடிந்தால் ஒரு குழாய் மூடி என்று வாங்கி வாருங்கள். உங்கள் போர் தண்ணியை ஒரு ஸ்பூன் அளவு ஒவ்வொன்றின் மேலும் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபிறகு பார்த்தால் உங்கள் பாத்ரூம் அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்பது முன்னால் வந்து நிற்கும். அதற்குப் பிறகும் கருப்பு பிடித்திருந்தால் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

அடுத்தது, உங்கள் பீஜும் சாம்பலும் உண்மையில் என்ன நிறம் என்பது. நியூட்ரல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எந்த டைலும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். சாம்பல் நீலத்துக்கோ பச்சைக்கோ ஊதாவுக்கோ சாயும். பீஜ் மஞ்சளுக்கோ ரோஸுக்கோ சாயும். தனியாகப் பார்த்தால் பிடிபடாது. ஒரு ஏ4 வெள்ளைத்தாளைப் பகல் வெளிச்சத்தில் டைலோடு ஒட்டிப் பிடியுங்கள், சாய்வு தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் நிறம் வாங்குகிறவர்கள்தான் பிறகு "கடையில் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார்கள். பக்கத்தில் எந்த நிறத்தை வைக்கிறோமோ அதற்கு எதிர்நிறத்தை நியூட்ரல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சிவப்பைப் பக்கத்தில் வைத்தால் சாம்பல் லேசாகப் பச்சையடிக்கும். பச்சையை வைத்தால் ரோஸ் சாயலுள்ள பீஜ் இன்னும் ரோஸாகும். இது டைலின் குறை இல்லை, கண் வேலை செய்கிற விதம்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் பாத்ரூம் என்றால் ஓர் உறைக்கண்ணாடி வென்டிலேட்டர், ஓர் எல்இடி பல்பு, அவ்வளவுதான். அந்தப் பல்பும் பெரும்பாலும் 6500 கெல்வின் பால் வெள்ளை (கெல்வின் என்பது வெளிச்ச நிறத்தின் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). அதன் கீழே பீஜ் செத்துப்போகும், சாம்பல் நீலமாகிவிடும், எவ்வளவு நல்ல காவியும் சேறாகத் தெரியும். 4000 கெல்வின் பல்பு மாட்டுங்கள். உம்மா அறைக்கு 3000 கூட நன்றாக இருக்கும். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது, 90 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் எடுங்கள். மலிவு எல்இடிகள் சிவப்பைத்தான் முதலில் கெடுக்கும். மிளகாய்ச் சிவப்பு மரப்பட்டைப் பழுப்பாகத் தெரிந்தால் பெயின்ட்டைக் குறை சொல்லாமல் பல்பை மாற்றிப் பாருங்கள். எந்த நிறத்துண்டையும் கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். பாத்ரூம் சுவரில் சாய்த்துவைத்து, காலையில் ஒரு தடவை, ராத்திரி பல்பைப் போட்டு ஒரு தடவை பாருங்கள்.

இப்போது எவ்வளவு நிறம், எங்கே என்பது. உள்அலங்காரக்காரர்கள் 60, 30, 10 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பரப்பில் அறுபது பங்கு முதன்மை நிறம், முப்பது பங்கு துணை நிறம், பத்து பங்கு எடுப்பு நிறம். சட்டம் ஒன்றுமில்லை, ஆனால் அளவு தவறாமலிருக்க உதவும். உங்கள் அறைக்கே போட்டுப் பார்ப்போம். நாலு சுவரின் சுற்றளவு 26 அடி, ஏழடி உயரத்துக்கு 182 சதுர அடி. கதவுக்கு விட்ட இடம் இரண்டரைக்கு ஏழு, 17.5 சதுர அடி. அதைக் கழித்தால் சுவர் ஏறக்குறைய 165. தரை 40. மொத்தம் 205 சதுர அடி. அதில் பத்து பங்கு என்றால் இருபது சதுர அடிதான் வருகிறது.

கதவின் உள்பக்கம் மட்டுமே பதினேழரை. அதாவது கதவுக்கு நிறம் கொடுத்தால் உங்கள் எடுப்பு நிறத்தின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது! இதை யாரும் யோசிப்பதில்லை. கதவை ஏதோ பழுப்பு மர டிசைனில் வாங்கி மாட்டிவிட்டு, பளிச்சென்ற ஹைலைட்டர் டைலுக்குச் சுவரில் இடம் தேடுகிறோம். நீங்கள் டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டீர்கள், கதவு இன்னும் வரவில்லை. இதைவிட நல்ல சமயம் வராது. டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) கதவு வாங்கினால் அதன் மேல் பிரைமர் கொடுத்து பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டோ எனாமலோ விரும்பிய நிறத்தில் அடிக்கலாம். பிவிசி கதவு என்றால் கம்பெனி தரும் நிறங்களோடு சரி. மரக்கதவு வேண்டாம், ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அடிக்கட்டை ஊறிவிடும். கதவில் இன்னொரு சௌகரியம், ஐந்து வருடம் கழித்து அலுத்துப்போனால் ஒரு நாள் வேலையில் நிறத்தை மாற்றிவிடலாம். டைலில் அலுத்தால் உடைக்க வேண்டும்.

ஹைலைட்டர் டைல்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லைட், டார்க், ஹைலைட்டர் என்று மூன்றாகக் கடைகளில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். ஹைலைட்டரில் சிப்பி, கூழாங்கல், ஆர்க்கிட் பூ, தண்ணீர்த்துளி. கடலுக்கு நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு சிப்பி படம் போட்ட டைல் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது என் ருசி. ருசியை விடுங்கள், காரியமாகப் பார்த்தாலும் மேடுபள்ளமான ஹைலைட்டரின் குழிகளில் உப்பு அடைந்தால் பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒட்டியாகிவிட்ட உங்கள் சுவரில் இதற்காக உடைக்க வேண்டவே வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள், பக்கத்து மாவட்டம்தானே என்று. கூடத்துக்கு அதைவிட அழகான தரை இல்லை. ஆனால் அது சிமென்டில் வார்த்த கல், தண்ணீரை உறிஞ்சும், அமிலம் பட்டால் அரிக்கும். பாத்ரூமை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ள வீட்டில் அது பிழைக்காது.

ஆசிட் என்றதும் ஜாயிண்ட் விஷயத்துக்கு வந்துவிடலாம், உங்களுக்கு அவசரமாக முடிவெடுக்க வேண்டியது அதுதான். எடுப்பாக இருக்கட்டும் என்று வெளிர் டைலுக்கு கருப்பு ஜாயிண்ட் போடுவது இப்போது நிறைய நடக்கிறது. மதுரையில் ஓடலாம், இங்கே ஓடாது. ஜாயிண்டை அடைக்கும் சாதாரண சிமென்ட் ஃபில்லர் நுண்துளை உள்ளது. உள்ளே இருக்கிற ஈரம் அதன் வழியாக வெளியே வரும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து மேலே பூக்கும். கலவையில் உவர்மண்ணோ போர் தண்ணியோ சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கருப்பு ஜாயிண்ட் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும். வெளுத்ததைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள், ஃபில்லரில் இருக்கும் சிமென்டையே அது தின்றுவிடும், குழாயின் குரோம் பூச்சையும் சேர்த்து. ஈரம் படும் இடமெல்லாம் எபாக்ஸி (சிமென்ட் இல்லாத பிசின் கலவை) ஜாயிண்ட் போடச் சொல்லுங்கள். விலை கூடுதல், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் தண்ணீர் குடிக்காது, கறை பிடிக்காது. நிறம், டைலை விட ஒரு படி அடர்த்தியான சாம்பல் அல்லது மணல் நிறம். ஜாயிண்ட் கண்ணில் படாமல் இருப்பதுதான் அதற்கு அழகு. எபாக்ஸி காய்வதற்குள் டைலின் மேல் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நிரந்தரக் கறை. இதில் பழகிய ஆளைப் பிடியுங்கள். இதற்கிடையில் ஒன்று, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கருப்புக் குழாய் பற்றி, கடைக்காரர் மனம் நோகாமல் சொல்வதானால், கருப்பில் இரண்டு ரகம் இருக்கிறது. பவுடர் கோட்டிங்கும் பெயின்ட்டும் ஒன்று, பிவிடி பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைப்பது) மற்றொன்று. முதல் ரகம் உப்புக்காற்றில் ஓரங்களில் உரியும். பிவிடி தாங்கும், ஆனால் அதன் மேலும் வெள்ளைப்பொட்டு விழத்தான் செய்யும், குளித்தபின் ஒவ்வொருவரும் துடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் யார் துடைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, உம்மா என்றுதான் நினைக்கிறேன். அதனால் பித்தளை உடம்பில் பிரஷ் நிக்கல் முடிப்பு, அதாவது பளபளப்பில்லாத வெள்ளிச்சாம்பல், பாருங்கள். பொட்டு தெரியாது, பீஜுக்கும் சாம்பலுக்கும் சேரும். டவல் கம்பிக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகம் கிடைத்தால் நல்லது. வழக்கமான 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் அதில் இரண்டு மூன்று சதவீதம் இருப்பதால் உப்பரிப்பைக் கூடுதலாகத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல எஸ்எஸ் என்று கடையில் காட்டுவார்கள். மட்டமான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது.

இனி அறை அறையாக.

கீழ் பாத்ரூமில் எடுப்பு நிறம் அழகுக்கு முன்னால் உம்மாவின் காலுக்கும் கைக்கும் உதவ வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கும், நீலத்தையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினமாகும். பீஜ் தரை, பீஜ் சுவர், வெள்ளை பேசின் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிடும். எனவே நிறத்தை அவர் கை தேடும் இடங்களில் வையுங்கள்: கமோட் பக்கத்துப் பிடிகம்பி, ஒளு எடுக்கும் தாழ்வான குழாய்க்குப் பின்னால் ஒரு பட்டை, உட்காரும் திட்டின் ஓரம், வாசலில் ஒரு படி இறக்கம் இருந்தால் அதன் விளிம்பு. பெயின்ட் அட்டைகள் சிலவற்றில் எல்ஆர்வி என்று ஓர் எண் போட்டிருக்கும். வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு, கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. பார்வை குறைந்தவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்துப் பரப்புகளிடையே குறைந்தது 30 புள்ளி வித்தியாசம் இருக்கட்டும் என்பது பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டுதல். அந்த எண் கிடைக்காவிட்டால் போனில் கருப்புவெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். பிடிகம்பி சுவரோடு கலந்து மறைந்தால் அந்த நிறம் உதவாது.

இந்த அறைக்கு என் தேர்வு செங்காவி. பீஜோடு சண்டை போடாது, வயதான கண்ணுக்கும் நீலத்தைவிடத் தெளிவாகத் தெரியும், இரும்புக்கறை விழுந்தாலும் காட்டிக்கொடுக்காது. காவி இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலில் வெளுக்கவும் செய்யாது. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துக்குப் போனால் 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் சிவப்பும் மஞ்சளும் இன்றும் நிற்பதைப் பார்க்கலாம். உம்மாவுக்கே பழைய வீட்டின் சிவப்பு சிமென்ட் தரை நினைவிருக்கும். கதவின் உள்பக்கம் செங்காவி, பிடிகம்பியும் அதே நிறத்தில் நைலான் உறை போட்டது. மேலே சொன்ன பட்டையையும் ஓரங்களையும் தவிரச் சுவரில் வேறெதுவும் வேண்டாம். உங்கள் பீஜ் ரோஸ் பக்கம் சாய்ந்தது என்று வெள்ளைத்தாள் சொன்னால் செங்காவியில் மஞ்சள் கூடிய சாயலை எடுங்கள், இல்லாவிட்டால் அறை முழுக்க ரோஸ் பூத்துவிடும்.

மாடிச் சாம்பலுக்கு வழி அதிகம். நீலம் சாய்ந்த சாம்பல் என்றால் கடுகு மஞ்சள் அருமையாக உட்காரும். பச்சை சாய்ந்தது என்றால் முண்டு மிளகாய்ச் சிவப்பைக் கொஞ்சமாகப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்கின் அந்த ஆழ்ந்த சிவப்புதான். சோப்புத்தட்டு, துண்டுக் கரை, கண்ணாடிச் சட்டம் அளவுக்கு மட்டும். கதவு முழுக்க அடித்தால் உறைப்பு தாங்காது. கடல் நிறமே வேண்டும் என்றால் நேவி ப்ளூவைத் தாண்டி யோசியுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் போகும்போது ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை, அன்றைய காற்றும் கலங்கலும் ஆழமும் பொறுத்து மாறும். கரையோரத்தில் மணல் தெரிகிற ஆழத்தில் வரும் அந்தச் சாம்பல் கலந்த நீலப்பச்சைதான் வெளிர் சாம்பலுக்குச் சரியான ஜோடி. உப்பும் அதில் தெரியாது.

வாளியை மறந்துவிடாதீர்கள். எத்தனையோ வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்த பாத்ரூமை நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிளிப்பச்சை வாளியும் ரோஸ் கப்பும் கெடுத்துவிடுகின்றன. வாசலில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படும் நிறம் அதுதான். வாளியும் முக்காலியும் டைல்ஸ் நிறத்தில், வெளிர் சாம்பலோ ஐவரியோ, இருக்கட்டும். கப் மட்டும் எடுப்பு நிறத்தில். அடர் நிற வாளியில் தண்ணீர் மட்டத்துக்கு உப்பு வளையம் விழும். துண்டிலும் இதே கணக்குதான். அடர் நிற டர்க்கி டவல் கடினத்தண்ணியில் துவைக்கத் துவைக்க வெளிறி மொறமொறப்பாகிவிடும், இந்த ஈரக்காற்றில் சீக்கிரம் காயவும் செய்யாது. வெள்ளை உடலில் நிறக்கரை போட்ட ஈரிழைத் துண்டு சட்டென்று காயும். கரையின் நிறத்தைக் கதவோடு பொருத்தி வாங்கினால் போதும், செலவும் சொற்பம்.

மகளின் நேவி ப்ளூவை ஒரேயடியாக மறுக்கவும் தேவையில்லை. மாடிக் கதவின் உள்பக்கத்துக்கு அதையே கொடுங்கள், பியூ மேட் முடிப்பில். ஷவர், இந்தக் கதவிலிருந்து தள்ளி எதிர்மூலையில் இருந்தால் தெறிப்பு மேல்பாதிக்கு வராது. கீழே ஓர் அடி உயரத்துக்குத்தான் வாளித் தண்ணீர் தெறிக்கும். அந்த ஓர் அடிக்குச் சுவர் டைலின் சாம்பலிலேயே ஓர் ஏசிபி (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) பட்டையை சிலிகான் பசை வைத்து ஒட்டிவிடச் சொல்லுங்கள். கதவுக்காரரிடம் அளவு கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிட்டால், தாழ்ப்பாளையும் கீல்களையும் அந்தப் பட்டைக்கு மேலே வருகிற மாதிரி வைத்துக்கொடுப்பார்.